வயதை மறைத்த விண்மீன்

வானியல் ஆய்வுக்கூடத்தில் அவள் வேலைக்குச் சேர வேண்டிய நாளன்று, கணவர் விடிந்ததுமே ஒரு பெரிய பையைத் தயார் செய்து கதவருகே வைத்துவிட்டார். திறந்து பார்த்தாள். கம்பளிச் சட்டை, காதை மூடும் குல்லாய், டார்ச் விளக்கு, ஃபிளாஸ்க் நிறையக் காபி, கொசுவுக்குப் பூசிக்கொள்ள ஒரு களிம்பு. நட்சத்திரம் பார்க்கிற வேலை என்றால் ராத்திரி வேலைதானே என்று யாரையும் கேட்காமல் அவரே முடிவு கட்டியிருந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். எவராவது இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் நேரம் காலம் பார்க்காமல் ஓடுகிறவர். ராத்திரி வேலைக்கு என்னென்ன வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி.

"என்னங்க இது? நான் காலைல ஒன்பதரைக்குப் போயிட்டு சாயங்காலம் வந்துடுவேன்," என்றாள்.

"பகல்ல எந்த நட்சத்திரம் தெரியும்?"

"பாக்கறது நான் இல்லீங்க. மேல ஒரு செயற்கைக்கோள் சுத்துது, அதுல தொலைநோக்கி இருக்கு. அது பாத்து அனுப்பும். நான் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து கணக்குப் போடணும்."

அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். இருந்தாலும் கம்பளிச் சட்டையை மட்டும் எடுத்து அவள் கைப்பையில் திணித்தார். அது நல்லதாகப் போயிற்று. கணினிகள் சூடாகக் கூடாது என்று ஆய்வுக்கூடத்தில் ஏசியை அப்படி வைத்திருந்தார்கள். முதல் வாரம் முழுவதும் பற்கள் தந்தியடித்தன.

எல்லாருக்கும் அவள் கடுகு. பிறந்தபோது எடை போதவில்லை, வளர்ந்த பிறகு உயரம் போதவில்லை. பெற்றவர்கள் யோசித்து யோசித்து வைத்த பெயர் சான்றிதழ்களில் கசங்காமல் இருந்தது. வாய்க்கு வந்தது கடுகுதான். கல்யாணமாகி வந்த வீட்டுக்கும் அந்தப் பெயர் அவளுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

இயற்பியலில் முதுகலை முடித்த கையோடு அவள் ஆராய்ச்சியில் சேர்ந்தவள்தான். இரண்டாம் வருடம் மகள் பிறந்தாள். அதே சமயம் கணவருக்கு வேறு ஊரில் வேலை அமைந்தது. ஒரு வருடம் போகட்டும் என்று விட்டாள். அந்த ஒரு வருடம் மகள் மேல்நிலைப் பள்ளிக்கு வரும்வரை நீண்டது. நடுவில் சும்மா இருக்கவில்லை. பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. பிள்ளைகளுக்கு அவளைப் பிடித்திருந்தது, அவளுக்கும் அந்த வேலை பிடித்திருந்தது. உள்ளுக்குள் ஏங்கி ஏங்கி இளைத்தாள் என்று சொன்னால் அது பொய். ஒன்று மட்டும் உண்டு. ஒளியைப் பற்றிய பாடம் நடத்தும்போது, கரும்பலகையில் நிறங்களை வரிசையாக வரைந்து, ஊதா முடிகிற இடத்துக்கு அப்பால் ஒரு கோட்டை நீட்டி, "இதுக்கப்புறமும் இருக்கு. நம்ம கண்ணுக்குத்தான் தெரியாது," என்று சொல்லும்போது குரல் வேறு மாதிரி ஆகிவிடும். அதை வகுப்பில் உட்கார்ந்திருந்த அவள் மகள் கவனித்தாள். படிப்பை இடையில் விட்ட பெண்கள் திரும்ப ஆராய்ச்சிக்கு வருவதற்கென்றே ஒரு திட்டம் இருக்கிறது என்று ஒருநாள் சாப்பாட்டு மேசையில் போட்டு உடைத்ததும் அவள்தான்.

கணவர் மறுபேச்சுப் பேசவில்லை. யோசித்தது நாத்தனார்.

நாத்தனார் கணவரின் அக்கா. கடுகு அவரை அண்ணி என்று கூப்பிடுவாள். அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அழகு நிலையம் நடத்துகிறார். மூன்று நாற்காலி, சுவர் முழுக்கக் கண்ணாடி, எந்நேரமும் தலைமுடி உலர்த்தும் சத்தம். அந்தத் தெருவில் யாருக்கு உண்மையில் என்ன வயது என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான். உயிர் போனாலும் வெளியே சொல்ல மாட்டார்.

"நாப்பது வயசுல படிக்கப் போறேங்கற. சரி, போ," என்றார் கடைசியில். "புள்ளைக்கு மத்தியானச் சாப்பாடு நான் பாத்துக்கறேன். ஆனா ஒண்ணு. நீ என்ன பண்றேன்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லணும். கடைக்கு வர்றவங்க கேட்டா நான் பேந்தப் பேந்த முழிக்க முடியாது."

கடுகு ஒத்துக்கொண்டாள். சனிக்கிழமைகளில் கடையில் கூட்டம் இருக்கும். உதவிக்கு இறங்கிப் போவாள். துண்டு மடித்துக்கொண்டே பாடம் நடக்கும். புற ஊதாக் கதிரில் விண்மீன்களைப் பார்க்கிறோம் என்று அவள் முதல் நாள் சொன்னதுமே அண்ணி முகம் சுருங்கியது.

"அல்ட்ரா வயலெட்டா? அது மூஞ்சிக்கு ஆகாத சமாச்சாரமாச்சே. அதைத் தடுக்கத்தானே நான் டப்பா டப்பாவா கிரீம் விக்கறேன்?"

அதே கதிர்தான் என்று கடுகு சொன்னாள். நல்லவேளையாக நமக்கு மேலே இருக்கிற காற்று அதில் பெரும்பங்கைத் தடுத்துவிடுகிறது; அதனால் நம் தோல் தப்பித்தது. ஆனால் அதே காரணத்தால் தரையில் எவ்வளவு பெரிய தொலைநோக்கி வைத்தாலும் அந்தக் கதிர் வந்து சேராது. காற்றைத் தாண்டி மேலே போய்த்தான் பார்க்க வேண்டும். "உங்களுக்கு அது வந்தா நஷ்டம், எங்களுக்கு வரலேன்னா நஷ்டம் அண்ணி," என்றாள். அண்ணிக்கு அந்தக் கணக்கு உடனே பிடிபட்டது. அன்று வந்த அத்தனை பேருக்கும் அதையே சொல்லி இரண்டு டப்பா கூடுதலாக விற்றார்.

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வழிகாட்டியாக வாய்த்தவர் அவளைவிட ஏழெட்டு வயது இளையவர். ஒல்லியான ஆள், யோசிக்கும்போது பேனா மூடியைக் கடிப்பார். முதல் சில வாரம் அவர் மேடம் என்பதும் இவள் சார் என்பதுமாக இரண்டு பேரும் கண்ணாடிப் பாத்திரத்தைக் கையில் வைத்திருப்பவர்கள் மாதிரி பழகினார்கள். ஒருநாள் அவர் எழுதிய கணினி நிரல் எங்கேயோ முட்டிக்கொண்டு ஓட மறுத்தது. திரையைப் பார்த்தபடியே, "அக்கா, இதக் கொஞ்சம் பாருங்களேன்," என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். கடுகு எழுந்து போய்ப் பார்த்தாள். ஒரு அடைப்புக்குறி விட்டுப்போயிருந்தது. அன்று முதல் அந்தக் கூடத்தில் எல்லாருக்கும் அவள் அக்கா.

அதற்காக வேலை சுலபமாக வந்துவிட்டது என்றில்லை. அவள் விட்டுப்போனபோது இருந்த கணினி மொழி ஒன்று, இப்போது இருப்பது வேறு. கூட இருந்த மாணவர்கள் விசைப்பலகையில் மழை பெய்கிற மாதிரி தட்டினார்கள். அவள் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக் குத்தினாள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது. ஆனால் பள்ளியில் பிள்ளைகளிடம் அவள் எப்போதும் சொன்னது ஒன்று உண்டு: புரியவில்லை என்றால் வெட்கப்படாமல் கேள். இப்போது அதைத் தானே செய்தாள். யார் கிடைத்தாலும் பிடித்து உட்கார வைத்துக் கேட்டாள். காபி இயந்திரத்தைச் சுத்தம் செய்ய வருகிறவர் ஒருவர்தான் தப்பித்தார். மழைக்காலம் முடிவதற்குள் அவளும் தட்ட ஆரம்பித்துவிட்டாள். மழை இல்லை, தூறல் என்று சொல்லலாம்.

வழிகாட்டி அவளுக்குக் கொடுத்தது ஒரு கோளக் கொத்து. லட்சக்கணக்கான விண்மீன்கள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டு உருண்டையாகச் சேர்ந்திருக்கும் கூட்டம் அது. எல்லாம் ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்தவை, எல்லாம் பழுத்த கிழங்கள். முதலில் சாதாரண ஒளியில் எடுத்த படத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். ஓரங்களில் தனித்தனிப் புள்ளிகள். நடுவே போகப் போக, ஈரத்தில் கொட்டிய சர்க்கரைபோல் ஒரே கட்டி. எதையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஊதிப் பெருத்த சிவப்பு விண்மீன்களின் வெளிச்சம் மற்ற எல்லாவற்றையும் மூழ்கடித்திருந்தது.

"இப்ப இதப் பாருங்கக்கா," என்று அதே இடத்தின் புற ஊதாப் படத்தைப் போட்டார்.

கடுகு நாற்காலியை முன்னால் இழுத்தாள். அந்தக் கட்டி காணாமல் போயிருந்தது. சிவப்பு விண்மீன்கள் குளிர்ந்தவை. புற ஊதாவில் அவற்றால் பிரகாசிக்க முடியாது. அடைத்துக்கொண்டு நின்ற பெருங்கூட்டம் விலகியதும், முதலிலிருந்தே நடுவில் நின்றுகொண்டிருந்த சிலருடைய முகம் தெரிகிற மாதிரி, சூடான விண்மீன்கள் மட்டும் பளிச்சென்று தனித்தனியாக நின்றன. மேலாடையைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே ஹீலியத்தை எரித்துக்கொண்டிருப்பவை சில. எரிந்து முடிந்து கங்காக மிஞ்சிய வெண்குள்ளர்கள் சில. அவள் கரும்பலகையில் கோட்டை நீட்டி நீட்டிக் காட்டிய இடம் அது. அங்கே ஆள் இருக்கிறது என்று இத்தனை வருடம் சொல்லிக்கொண்டே இருந்தவள், இப்போதுதான் நேரில் பார்க்கிறாள்.

அவள் கம்பளிச் சட்டையின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வழிகாட்டி அதைப் பார்த்தும் பார்க்காதது மாதிரி காபி எடுத்துவரப் போனார். அதற்காகவே அவரை அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அந்தக் கூட்டத்தில் அவள் மனதைப் பறித்தது ஒரு தனி ரகம். நீலப் பின்தங்கிகள் என்று பெயர். அடுத்த சனிக்கிழமை அதை அழகு நிலையத்தில் எடுத்து விளக்கினாள்.

"பள்ளிக்கூடத்துல கூடப் படிச்சவங்க எல்லாரும் ஒரு நாள் ஒண்ணு சேர்றாங்கன்னு வைங்க அண்ணி. எல்லாருக்கும் எழுபது வயசு. ஆனா அதுல நாலு பேரு மட்டும் இருபத்தஞ்சு வயசு மாதிரி வந்து நிக்கறாங்க. அதெப்படி?"

"சாயம்," என்றார் அண்ணி, கத்தரிக்கோலை நிறுத்தாமல்.

"சாயம் இல்லண்ணி. நெஜமாவே உள்ளுக்குள்ள இளசு. அந்தச் சூட்டுல எரியற நட்சத்திரம் எல்லாம் எப்பவோ செத்துப் போயிருக்கணும். இது மட்டும் இன்னும் நீலமா ஜொலிக்குது."

முகத்தில் பூச்சோடு மூன்றாவது நாற்காலியில் சாய்ந்திருந்த ஒரு பெண்மணி சிரிப்பை அடக்கப் பார்த்து, பூச்சு முழுக்க விரிசல் விட்டது. திரும்ப முதலிலிருந்து பூச வேண்டியதாயிற்று.

அதற்கு வானியல்காரர்கள் இரண்டு காரணம் சொல்கிறார்கள் என்றாள் கடுகு. நெரிசலில் இரண்டு விண்மீன்கள் மோதி ஒன்றாகிப் புதுத் தெம்பு வந்திருக்கலாம். இல்லையென்றால், ஜோடியாகச் சுற்றுகிற இரண்டில் முதலில் முதிர்ந்துபோன மூத்தது தன் உடம்பிலுள்ள வாயுவை இளையதற்குக் கொட்டிக் கொடுத்திருக்கலாம். வாங்கியது இளமையாகிவிடும், கொடுத்தது மெலிந்து உள்ளே இருக்கும் சூடான கரு மட்டும் மிஞ்சும். ஒவ்வொரு விண்மீனிலும் எது நடந்தது என்று கண்டுபிடிப்பதுதான் சிரமம்.

அப்போது மேலிருந்து தேநீர் கொண்டுவந்த கணவர் காதில் இது விழுந்தது. மோதல்தான் என்று அடித்துச் சொன்னார். அவ்வளவு நெரிசலில் இடிக்காமல் இருக்க வாய்ப்பே இல்லை என்பது அவர் கட்சி. அண்ணி விடவில்லை. இளமை தானாக வந்ததாகச் சரித்திரமே இல்லை, யாராவது பக்கத்தில் நின்று செலவழித்திருப்பார்கள் என்றார். அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சு முற்றி, பந்தயத்தில் போய் நின்றது. கடுகு எந்த விண்மீனையாவது பிடித்து உண்மையைக் கண்டுபிடித்தால், தோற்றவர் ஒரு மாதம் இரண்டு வீட்டுப் பாத்திரமும் கழுவ வேண்டும். தீர்ப்புச் சொல்ல மகளை நியமித்தார்கள்.

"எதுக்கும் நீ கையுறை வாங்கி வச்சுக்கோடா," என்றார் அண்ணி.

கடுகுக்கு இனி வீட்டிலும் வேலையிலும் ஒரே பேச்சாகிவிட்டது. அவள் செய்ய வேண்டியது இதுதான். ஒவ்வொரு நீலப் பின்தங்கியின் வெளிச்சத்தையும் சிவப்பிலிருந்து புற ஊதாவின் கடைசி எல்லை வரை பல நிற வடிகட்டிகளில் அளந்து, புள்ளி புள்ளியாக வைக்க வேண்டும். தனியான ஒரு விண்மீன் என்றால் அந்தப் புள்ளிகள் எல்லாம் ஒரே வளைகோட்டில் சமர்த்தாக உட்காரும். பக்கத்தில் சின்னதாக, ஆனால் மிகச் சூடாக இன்னொன்று ஒளிந்திருந்தால், புற ஊதாப் பக்கத்துப் புள்ளிகள் மட்டும் கோட்டை விட்டு மேலே எழும்பி நிற்கும்.

பல மாத உழைப்புக்குப் பிறகு, படத்தின் ஓரத்தில் ஒரு பிடி விண்மீன்களில் புள்ளிகள் மேலே எழும்பி நிற்பதைப் பார்த்தாள். ஒன்றிரண்டு இல்லை, கைநிறைய. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. குழுக் கூட்டத்தில் படம் போட்டுக் காட்டினாள். எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். வழிகாட்டி மட்டும் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தார். கடைசியில், ஓரத்தில் மட்டும் ஏன் இத்தனை, நடுவில் ஒன்றுகூட ஏன் இல்லை என்று மெதுவாகக் கேட்டார்.

கடுகு அந்தக் கேள்வியோடு தன் இடத்துக்குத் திரும்பி வந்து தேடினாள். சாயங்காலத்துக்குள் கிடைத்துவிட்டது. செயற்கைக்கோள் எடுத்த படத்தையும் தரையிலிருந்து எடுத்த படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தியபோது, ஒரு சின்னத் திருகலை அவள் தலைகீழாகப் போட்டிருந்தாள். நடுவில் சரியாகப் பொருந்தியது, ஓரம் போகப் போக விலகியது. அதனால் ஒரு விண்மீனின் சிவப்பு வெளிச்சத்தையும் பக்கத்து வீட்டு விண்மீனின் புற ஊதாவையும் ஒரே ஆளுடையது என்று எழுதி வைத்திருந்தாள். அவள் கண்டுபிடித்த ஜோடிகள் எல்லாம் அவளே பண்ணி வைத்த கல்யாணம்.

வீட்டுக்கு வந்தபோது முகத்தில் ஈ ஆடவில்லை. நடந்ததைச் சொன்னாள். கணவர், தான் ஒரு தடவை லிஃப்டின் பன்னிரண்டாவது மாடிப் பொத்தானை ஒன்பதாவது மாடிக்கு இணைத்துவிட்டு வந்த கதையைச் சொன்னார். ஒரு வாரம் ஒரு அலுவலகம் முழுக்க மாடி மாறி இறங்கியிருக்கிறது. அதில் இரண்டு பேர் அறிமுகமாகிக் கல்யாணமே செய்துகொண்டார்களாம். "பத்திரிகை அனுப்புனாங்க. போயிட்டு வந்தேன்," என்றார். கடுகுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருடத்தில் அந்தக் கதையை அவர் சொன்னதே இல்லை. உண்மையா, அன்றைக்கென்று கட்டினாரா என்று அவள் கேட்கவில்லை.

மறுநாள் ஆய்வுக்கூடத்துக்குப் போய், எல்லார் முன்னாலும் தவறு தன்னுடையது என்று சொல்லிவிட்டுத் திருகலைச் சரிசெய்து முதலிலிருந்து ஓட்டினாள். ஓரத்தில் எழும்பி நின்ற புள்ளிகள் எல்லாம் அடக்க ஒடுக்கமாகக் கோட்டில் இறங்கி உட்கார்ந்துகொண்டன. வருத்தமில்லை என்று சொல்ல முடியாது. பெருமூச்சோடு ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தவள் ஒரு இடத்தில் நின்றாள். இதுவரை யோக்கியமாகக் கோட்டில் இருந்த ஒரு விண்மீன், படம் சரியாகப் பொருந்தியதும், புற ஊதாவில் எழும்பி நின்றது. அவளுடைய பிழைதான் அதுவரை அதை மூடி வைத்திருந்தது.

இந்தத் தடவை அவள் யாரிடமும் துள்ளவில்லை. பக்கத்து விண்மீனின் வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. வடிகட்டியில் ஓட்டையா என்று பார்த்தாள். மற்ற விண்மீன்கள் ஒழுங்காகத்தான் இருந்தன. பிறகுதான் வழிகாட்டியைக் கூப்பிட்டாள். அவர் வெகுநேரம் பார்த்தார். ஒரே ஒரு வடிகட்டியில்தான் இது தெரிகிறது, இன்னும் ஆழமான புற ஊதாவில் இன்னொரு தடவை பார்த்தால்தான் நம்ப முடியும் என்றார். செயற்கைக்கோளில் நேரம் கேட்டு எழுதலாம், எழுதுவது நீங்களாக இருக்கட்டும் என்றும் சொன்னார். உலகம் முழுக்கப் போட்டி போட்டுக் கேட்கிற நேரம் அது. அவள் எழுதினாள், கிழித்தாள், மறுபடி எழுதினாள். கிடைத்துவிட்டது என்று தெரிந்த நாளில் அண்ணி அவளை நாற்காலியில் உட்கார வைத்து, கேட்காமலே முடியைத் திருத்திவிட்டார். வானத்தில் இருக்கிற ஒன்றிடம் நேரம் வாங்கியவள் பரட்டைத் தலையோடு போகக் கூடாதாம்.

விண்மீனைப் பார்க்கிற நாளைக் கட்டுப்பாட்டு நிலையத்திலிருந்து அறிவித்தார்கள். அன்றைக்கே அண்ணியின் மகளுக்குக் கல்யாணம்.

கடுகு மண்டபத்தில் ஓடியாடிக்கொண்டிருந்தாள். வந்தவர்களுக்கு இடம் காட்டுவதும், மணப்பெண்ணின் தொலைந்துபோன ஒற்றைக் காதணியைத் தேடுவதும், சாப்பாட்டுக் கூடத்தில் நாற்காலி எண்ணுவதுமாக ஒரு நிமிடம் உட்காரவில்லை. வெளியே மழை கொட்டியது. கணவர் ஜன்னல் பக்கமே நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் வர வழியில்லாமல் நிற்கிறார்களோ என்று கவலைப்படுகிறார் என்று அவள் நினைத்தாள்.

"ஒரே மேகமா இருக்கே," என்றார் அவள் வந்ததும், தாழ்ந்த குரலில். "எப்படித் தெரியும் அதுக்கு?"

அவளுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு, மண்டபம் என்றும் பார்க்காமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அது மேகத்துக்கு மேல இருக்குங்க. அங்க மழையே கிடையாது."

அவர் முகம் தெளிந்தது. நேராகச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய், முதல் மேசையில் இருந்த மாப்பிள்ளையின் பெரியப்பாவிடம், இந்த நிமிடம் தன் மனைவியின் விண்மீனைச் செயற்கைக்கோள் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டார். மேசைக்கு மேசை செய்தி தாவியது. காதணி கிடைத்துவிட்டதா என்று கேட்டவர்களைவிட, விண்மீன் கிடைத்துவிட்டதா என்று கேட்டவர்கள்தான் அன்றைக்கு அதிகம். மணப்பெண்ணே மேடையிலிருந்து, "என்ன அத்தை ஆச்சு?" என்று சைகையில் கேட்டாள். காதணி கடைசியில் மணப்பெண்ணின் கூந்தலுக்குள்ளேயே இருந்தது.

தரவு வந்து சேர இன்னும் சில வாரம் ஆயிற்று. வந்ததும் கடுகு ஒரு ஏற்பாடு சொன்னாள். தான் செய்கிற கணக்கை வழிகாட்டி பார்க்கக் கூடாது. அவரும் தன் மேசையில் தனியாகச் செய்ய வேண்டும். முடிந்த பிறகு ஒப்பிடலாம். முன்பு பட்ட சூடு அப்படி. அவர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். இரண்டு பேரும் ஒரே அறையில் முதுகைக் காட்டிக்கொண்டு, பரீட்சை எழுதும் பிள்ளைகள் மாதிரி வேலை செய்தார்கள். அந்த வாரம் அந்த அறைக்குள் வந்த மாணவர்கள் கிசுகிசுவென்றுதான் பேசினார்கள்.

முதலில் முடித்தது அவள். ஒரே விண்மீன் என்று வைத்துக்கொண்டு வளைகோட்டைப் பொருத்தினாள். புற ஊதாப் புள்ளிகள் எல்லாமே வெளியே நின்றன. இரண்டாவதாகச் சின்னஞ்சிறு சூடான ஒன்றைச் சேர்த்துப் பொருத்தினாள். அத்தனை புள்ளியும் சத்தமில்லாமல் கோட்டில் வந்து அமர்ந்தன. திரும்பிப் பார்க்காமல் கணக்கை மறுபடி ஒரு தடவை சரிபார்த்தாள். அவர் முடிக்கட்டும்.

மத்தியானத்துக்கு மேல் முதுகுக்குப் பின்னால் நாற்காலி திரும்பும் சத்தம் கேட்டது.

"அக்கா," என்றார் வழிகாட்டி. "ரெண்டு பேரு இருக்காங்க."

அவள் திரும்பித் தன் திரையைக் காட்டினாள். சின்னதன் சூடு, அதன் அளவு, எல்லாம் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்திருந்தன. கொடுத்தவள் அங்கேயே, வாங்கியவள் பக்கத்திலேயே, மெலிந்து, கொதிக்கக் கொதிக்க நின்றுகொண்டிருந்தாள். சாதாரண ஒளியில் எவர் கண்ணிலும் பட்டிருக்க மாட்டாள். இரண்டு பேரும் உணவகத்துக்குப் போய் அங்கே மிச்சமிருந்த கேக் முழுவதையும் வாங்கி, எதிரில் வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். காபி இயந்திரம் துடைக்கிறவருக்கு இரண்டு துண்டு.

வீட்டில் விசாரணை நடந்தது. கணவர் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு விண்மீனை வைத்து எல்லா விண்மீனும் இப்படித்தான் என்று சொல்ல முடியுமா என்று கேட்டார். சொல்ல முடியாது, மற்றவற்றில் மோதலும் நடந்திருக்கலாம் என்று கடுகு நேர்மையாக ஒப்புக்கொண்டாள். மகள் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்: மற்ற விண்மீன்கள் மீதான வழக்கு நிலுவையில் இருக்கும்; இந்த விண்மீனைப் பொறுத்தவரை அப்பா இன்றிலிருந்து பாத்திரம் கழுவ வேண்டும். அண்ணி முன்பே வாங்கி வைத்திருந்த கையுறையை எடுத்து நீட்டினார், ரோஜா நிறம். அந்த மாதம் முழுவதும் கணவர் அதைப் போட்டுக்கொண்டு, வேண்டுமென்றே சத்தமாகப் பாட்டுப் பாடிக்கொண்டு கழுவினார். மகளும் பக்கத்தில் நின்று துடைத்துக் கொடுத்தாள். நீதிபதி அப்படிச் செய்யலாமா என்று அண்ணி ஆட்சேபித்தார்.

கட்டுரை வெளிவந்தது. அதற்கடுத்த வருடம் கடுகுக்கு முனைவர் பட்டம் கிடைத்தது. பள்ளியில் அவளிடம் படித்த மூன்று பேர் தேடிப்பிடித்து வந்து வாழ்த்திவிட்டுப் போனார்கள். அவர்களில் ஒருத்திக்கு இன்னும் அந்தக் கரும்பலகைக் கோடு நினைவிருந்தது. கடுகு அதே ஆய்வுக்கூடத்தில் தொடர்ந்தாள். இப்போது அவள் கையில் வேறு இரண்டு கொத்துகள்.

ஆய்வுக்கூடத்தில் பொதுமக்கள் வந்து பார்க்கிற நாள் ஒன்று உண்டு. அந்த முறை அண்ணி கடைக்கு விடுமுறை விட்டுவிட்டு, ஒரு வேன் நிறைய வாடிக்கையாளர்களோடு வந்து இறங்கினார். அத்தனை பேரும் கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி அலங்காரத்தில் இருந்தார்கள். கடுகின் படம் கூடத்தின் நடுச்சுவரில் பெரிதாக மாட்டியிருந்தது. அவளுக்கு வேறு அறையில் விளக்கம் சொல்லும் பொறுப்பு இருந்தது. முடித்துக்கொண்டு வந்து பார்த்தால், தன் படத்தின் முன்னால் பெரிய கூட்டம். எட்டிப் பார்க்க உயரம் போதவில்லை. குரல் மட்டும் கேட்டது.

"இந்தக் கோடு இளையவளோடது," என்று அண்ணி விரலால் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். "இதோ இந்தப் புள்ளியெல்லாம் மேல நிக்குது பாருங்க, இது இவ வெளிச்சம் இல்ல. பக்கத்துல மூத்தவ ஒருத்தி நிக்கறா. இருக்கறதையெல்லாம் இவளுக்குக் குடுத்துட்டா. சாதாரணமாப் பாத்தா தெரியாது. அல்ட்ரா வயலெட்ல பாத்தாத்தான் மாட்டுவா."

கூட்டம் தலையாட்டியது. வழிகாட்டி ஒரு ஓரமாக நின்று, கையைக் கட்டிக்கொண்டு ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கடுகைப் பார்த்ததும், தடுக்க வேண்டாம் என்று கண்ணால் சொன்னார். வெள்ளைத் தாடி வைத்த ஒருவர், அப்படியானால் கொடுத்தவள் கதி என்ன, அப்படியே அணைந்துபோவாளா என்று கேட்டார்.

அண்ணி கழுத்தை நீட்டிக் கூட்டத்துக்குள் தேடினார். "கடுகு எங்க? யாராவது அவளைக் கூப்பிடுங்க."

"இங்கதான் இருக்கேன் அண்ணி," என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். முகம் தெரியாமலே அங்கிருந்து சொன்னாள்: "உடனே அணைய மாட்டாங்க. ரொம்ப மெதுவா ஆறுவாங்க, கோடிக்கணக்கான வருஷம். அதுக்குள்ள இளையவளுக்கும் வயசாகும், அவளும் ஊதிப் பெருப்பா. அப்ப அவ வாங்கினதுல கொஞ்சம் மூத்தவளுக்கே திரும்பிப் போகவும் வாய்ப்பிருக்கு."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அண்ணி இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"இதை ஏன் நீ எங்கிட்ட சொல்லவே இல்ல?" என்றார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அதற்குள் அடுத்த கூட்டம் உள்ளே வந்துவிட்டிருந்தது. அவர்களை அருகில் வரச் சொல்லி, இந்தத் தடவை இளையவள் திருப்பிக் கொடுக்கப்போவதிலிருந்தே கதையை ஆரம்பித்தார்.